ஆட்டைத் திருடிய அப்பாவும் கன்பூசியஸின் நேர்மையும்

மழைக்காகம் (இழையைத் தொடங்கியவர்)

ஒரு மாதமாகக் கன்பூசியஸின் உரைத்தொகுப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சீனத்தில் லுன்யூ என்கிறார்கள். இருபது அதிகாரம், பெரும்பாலும் ரெண்டு மூன்று வரித் துணுக்குகள். தூங்கப் போகுமுன் நாலு துணுக்கு என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதின்மூன்றாம் அதிகாரத்தில் வந்து முட்டிக்கொண்டேன்.

யெ என்ற ஊரின் பிரபு கன்பூசியஸிடம் பெருமையாகச் சொல்கிறார்: "எங்கள் ஊரில் நேர்மைக்குப் பெயர்போன ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா ஓர் ஆட்டைத் திருடினார். மகனே போய்ச் சொல்லிவிட்டான்." அதற்குக் கன்பூசியஸின் பதில்: "எங்கள் ஊரில் நேர்மையானவர்கள் வேறு மாதிரி. மகனுக்காக அப்பா மறைப்பார், அப்பாவுக்காக மகன் மறைப்பான். நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது."

அவ்வளவுதான். விளக்கம் கிடையாது. அடுத்த துணுக்கு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது.

ஒழுக்கத்தை நம்பி நாட்டை ஆளுங்கள் என்று அரசன் அரசனாகப் போய்ச் சொல்லி, பதினாலு வருஷம் அலைந்த மனிதர் இவர். மறைப்பது எப்படி நேர்மை ஆகும்? மூன்று நாளாக இதே யோசனை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குநாள்

இதில் புரியாமல் இருக்க என்ன இருக்கிறது? நம்ம ஆள் செய்தால் தப்பில்லை. இதைச் சொல்ல ஒரு ஞானி வேண்டுமா?

கோர்ட்டில் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். "அப்பா அன்னைக்கு ஊர்லயே இல்லீங்க" என்று கூண்டில் ஏறிச் சொல்லும் மகன்கள் எத்தனையோ பேர். பாவம், வேறு வழி தெரியாமல் சொல்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவன்கூட இறங்கி வந்து "நான் நேர்மையானவன் சார்" என்று சொன்னதில்லை. கன்பூசியஸ் அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார். எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரிதான்.

பழையபுத்தகக்காரன்

வக்கீல் சார், கொஞ்சம் பொறுங்கள். மூன்று சொற்களைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாம்.

முதலாவது, "திருடினார்". மூலத்தில் இருப்பது "ராங்". பழைய உரைகாரர்கள் இதற்குச் சொல்லும் பொருள், தானாக வந்து சேர்ந்ததை எடுத்துக்கொள்வது. பக்கத்து வீட்டு ஆடு நம் கொல்லைக்குள் வந்துவிட்டது, திருப்பி விரட்டாமல் கட்டிப்போட்டுக்கொண்டோம், அந்த மாதிரி. திருட்டுத்தான். ஆனால் சுவர் ஏறிக் குதித்த திருட்டு இல்லை.

இரண்டாவது, மகன் செய்தது. "சாட்சி சொன்னான்" என்று பல மொழிபெயர்ப்புகளில் இருக்கும். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு "போய்த் தெரிவித்தான்" என்ற பொருளும் உண்டு. யாரும் கூப்பிட்டு விசாரித்ததாகக் கதையில் இல்லை. இவனாகவே போயிருக்கிறான்.

மூன்றாவது, "மறைப்பது". அங்கே உள்ள "யின்" என்ற சொல்லுக்கு வெளியே காட்டாமல் வைத்திருப்பது என்று பொருள். பொய் சொல்வது வேறு. நீங்கள் சொன்ன கூண்டு மகன்கள் செய்வது அதைத் தாண்டிய காரியம்.

இன்னொரு விஷயம், சும்மா ஒரு தகவலுக்கு. இந்த யெ பிரபுவைச் சீனர்கள் வேறொரு கதையால்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அவருக்கு ட்ராகன் என்றால் உயிர். வீடு முழுக்க ட்ராகன் செதுக்கி, வரைந்து வைத்திருந்தார். செய்தி கேட்டு நிஜ ட்ராகனே ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டியபோது முகம் வெளிறி ஓட்டம் பிடித்தார். கதை பிற்காலத்தில் எழுதப்பட்டது, ஆனால் "யெ பிரபுவின் ட்ராகன் ஆசை" என்பது இன்றும் அங்கே பழமொழி. ஊருக்கு ஒரு நேர்மையாளனைக் காட்சிக்கு வைத்திருந்த ஆளுக்கு அந்தக் கதை வந்து ஒட்டியது பொருத்தம்தான்.

வழக்குநாள்

சொல்லாராய்ச்சி நன்றாக இருக்கிறது. ஆடு மட்டும் இன்னும் அப்பாவின் கொல்லையில்தான் நிற்கிறது.

சுந்தரிடீச்சர்

நான் இந்தப் புத்தகத்தைப் பத்து வருஷமாக விட்டு விட்டுப் படிக்கிறேன். சீனம் தெரியாது. ஆனால் "நம்ம ஆள் செய்தால் தப்பில்லை" என்பது அவர் கொள்கையாக இருக்க முடியாது, வழக்குநாள் சார். பதினோராம் அதிகாரத்தைப் பாருங்கள்.

யான் ஹுய் என்று ஒரு மாணவன். மூங்கில் கூடையில் கொஞ்சம் சோறு, சுரைக்குடுக்கையில் தண்ணீர், சந்துக்குள் ஒரு வீடு, அதிலேயே சந்தோஷமாக இருந்தவன். கன்பூசியஸுக்கு இவன்தான் எல்லாரிலும் பிரியம். சின்ன வயசிலேயே இறந்துபோகிறான். அவர் அழுகிற அழுகையைப் பார்த்து மற்ற மாணவர்களே "ஐயா, அளவு மீறுகிறீர்கள்" என்கிறார்கள். அப்போது யான் ஹுய்யின் அப்பா வந்து கேட்கிறார்: உங்கள் வண்டியை விற்று என் மகனுக்கு வெளிச் சவப்பெட்டி செய்து தருவீர்களா? அங்கே உள்பெட்டி, வெளிப்பெட்டி என்று இரண்டு உண்டு. ஏழைகளுக்கு ஒன்றுதான் வாய்க்கும்.

தர மாட்டேன் என்கிறார். "திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரவர்க்கு அவரவர் மகன். என் மகன் லீ இறந்தபோதும் உள்பெட்டி மட்டும்தான் இருந்தது, வெளிப்பெட்டி இல்லை. அப்போதும் நான் வண்டியை விட்டுவிட்டு நடந்து போகவில்லை." பதவியில் இருந்தவர் நடந்து போவது முறையில்லை என்பது அவர் சொல்லும் காரணம்.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்படியா கல்நெஞ்சு என்று. அப்புறம்தான் அந்த மகன் வரி உறைத்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு நியாயம், அடுத்தவன் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று அவர் வைக்கவில்லை. அந்த மகனிடமே ஒருத்தர் கேட்கிறார், உனக்கு மட்டும் தனியாக ஏதாவது சொல்லித்தருகிறாரா என்று. இல்லை, முற்றத்தில் கடந்து போகும்போது "பாட்டுகள் படித்தாயா? சடங்குமுறை படித்தாயா?" என்று கேட்டார், அவ்வளவுதான் என்கிறான். எனக்குத் தெரிந்த வாத்தியார் பிள்ளைகள் எல்லாம் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

கோடைமழை99

டீச்சர், மன்னிக்கணும். பெற்றோர் பக்தி என்ற பெயரில் சீனாவில் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? "இருபத்துநாலு உத்தமப் பிள்ளைகள்" என்று ஒரு தொகுப்பு. அதில் குவோ ஜூ என்பவன், வீட்டில் சோறு பத்தவில்லை, அம்மா தன் பங்கைப் பேரனுக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று தன் குழந்தையையே உயிரோடு புதைக்கக் குழி வெட்டுகிறான். குழியில் தங்கம் கிடைக்கிறதாம், குழந்தை பிழைக்கிறதாம். தங்கம் கிடைக்காமல் இருந்திருந்தால்? போன நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் லூ ஷுன் இதைக் கிழி கிழி என்று கிழித்தார். சின்ன வயசில் இந்தக் கதையைப் படித்த பிறகு, வீட்டில் வறுமை வந்தால் அப்பா தன்னைப் புதைத்துவிடுவாரோ என்று பயந்ததாகவே எழுதியிருக்கிறார்.

ஆட்டுக் கதையும் அதே வேர்தானே?

பழையபுத்தகக்காரன்

தம்பி, கேள்வி நியாயம். ஆனால் அந்தத் தொகுப்பு யுவான் காலத்தது, கன்பூசியஸுக்கு ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல் பின்னால். கன்பூசியஸ் கி.மு. 551-ல் பிறந்து 479-ல் இறந்தவர். குவோ ஜூவின் குழிக்கு அவரைப் பொறுப்பாக்குவது கஷ்டம்.

பழைய நூல்களில் வேறு குரல் கேட்கிறது. லுன்யூ நாலாம் அதிகாரம்: பெற்றோர் தவறு செய்தால் மென்மையாக எடுத்துச் சொல். கேட்கவில்லை என்றால் மரியாதையை விடாதே, மனம் கசக்காதே. பெற்றோர் பக்திக்கென்றே உள்ள பழைய நூலில், அப்பா சொன்னதை எல்லாம் கேட்பதுதான் பக்தியா என்று ஒரு மாணவர் கேட்க, "என்ன பேச்சு இது, என்ன பேச்சு!" என்று கன்பூசியஸ் பதறுகிறார். இடித்துச் சொல்ல ஒரு மகன் இருந்தால்தான் அப்பா தவறில் விழாமல் இருப்பார் என்கிறார். கன்பூசியஸ் வழியில் பின்னால் வந்த ஷுன்ட்ஸு இன்னும் ஒரு படி மேலே போய், நியாயத்தின் பின்னால் போ, அப்பாவின் பின்னால் போகாதே என்றே எழுதிவிட்டார்.

அதே "ராங்" என்ற சொல், அதே வழியில் வந்த இன்னொரு ஞானி மென்சியஸின் நூலிலும் வருகிறது. ஒருவன் தினம் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றை அமுக்குகிறான். இது நல்லவன் செய்கிற காரியம் இல்லையப்பா என்கிறார்கள். "சரி, குறைத்துக்கொள்கிறேன். மாசத்துக்கு ஒன்று. அடுத்த வருஷம் மொத்தமாக விட்டுவிடுகிறேன்" என்கிறான். தப்பு என்று தெரிந்தால் இன்றே விடவேண்டியதுதானே, அடுத்த வருஷம் எதற்கு என்கிறார் மென்சியஸ். ஆகவே கோழியும் ஆடும் இவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அப்பாவிடம் பேசவேண்டிய பேச்சை அதிகாரியிடம் போய்ப் பேசினான் என்பதுதான் அந்த மகன் மீது குறை.

வழக்குநாள்

நானும் சும்மா இருக்கவில்லை, தேடிப் படித்தேன். இந்தக் கதையை ஹான் ஃபெய்யும் சொல்கிறார், ஒழுக்கத்தை நம்பாமல் கடுமையான சட்டத்தை நம்பிய பழைய சீனச் சிந்தனையாளர். அவர் கதையில் மகன் போய்ச் சொன்னதும் அதிகாரி "இவனைக் கொல்லுங்கள்" என்கிறார். அரசனுக்கு நேர்மை, அப்பனுக்குத் துரோகம் என்று மகனுக்குத் தண்டனை. பக்கத்திலேயே இன்னொரு கதை. லூ நாட்டுக்காரன் ஒருவன் மூன்று தடவை போர்க்களத்திலிருந்து ஓடி வருகிறான். ஏனடா என்றால், வீட்டில் வயசான அப்பா, நான் செத்தால் பார்க்க ஆளில்லை என்கிறான். கன்பூசியஸ் இவனைப் பாராட்டிப் பதவிக்குச் சிபாரிசு செய்கிறார். ஹான் ஃபெய் கேட்பது: சொன்னவனைக் கொன்றால் இனி எவன் குற்றத்தைச் சொல்வான்? ஓடினவனைப் பாராட்டினால் இனி எவன் நின்று சண்டை போடுவான்?

கன்பூசியஸை மட்டம் தட்ட ஹான் ஃபெய் இட்டுக்கட்டியிருக்கலாம். ஆனால் கேள்வி உண்மையானது. ஒரு நாட்டை நடத்த வேண்டும் என்றால் இதற்குப் பதில் வேண்டும்.

பழையபுத்தகக்காரன்

வேண்டும்தான். ஹான் ஃபெய்யின் வழியில் போன சின் பேரரசு 15 வருஷத்தில் விழுந்தது என்று சொல்லி முடித்துவிடலாம், அது மலிவான பதில். உங்கள் துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கி.மு. 66-ல் ஹான் வம்சத்துப் பேரரசர் சுவான் ஓர் ஆணை போட்டார். பெற்றோரைப் பிள்ளைகள் மறைத்தால், கணவனை மனைவி மறைத்தால், தாத்தா பாட்டியைப் பேரப்பிள்ளைகள் மறைத்தால் வழக்கு இல்லை. அந்த ஆட்டுத் துணுக்கு அப்படிச் சட்டமாகிவிட்டது. 2012-ல் சீனா தன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது, குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்திக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது என்று சேர்த்தார்கள்.

இடையில் நடந்ததும் ஒன்று உண்டு. கலாச்சாரப் புரட்சி சமயம், 1970-ல், அன்ஹுய் மாகாணத்தில் ஒரு பதின்வயது மகன், வீட்டுக்குள் மாவோவைக் குறை சொல்லிப் பேசினாள் என்று தன் தாயைப் பற்றி எழுதிக் கொடுத்தான். அவளைச் சுட்டுக் கொன்றார்கள். 2013-ல் அந்த மகன், அதற்குள் அறுபது வயசு, பத்திரிகைகளில் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்டார். எழுதிக் கொடுத்த அன்று அந்தப் பையனும் தன்னை நேர்மையானவன் என்றுதான் நினைத்திருப்பான்.

வழக்குநாள்

அந்தத் தாயின் கதை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். நம் சட்டத்தில் குற்றவாளிக்கு ஒளிய இடம் கொடுத்தால் கணவன், மனைவிக்கு மட்டும்தான் விலக்கு, பிள்ளைக்குக் கிடையாது. அதையும் சேர்த்தே யோசித்தேன்.

ஆனால் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கி.பி. 653-ல் வந்த டாங் வம்சத்துச் சட்டம். மறைக்கலாம் என்பது அங்கே மறைக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. பெற்றோர் மீது புகார் கொடுத்த பிள்ளைக்குக் கழுத்தை நெரித்து மரண தண்டனை. அரசத் துரோகம் மாதிரி சில குற்றங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அடி வாங்கிய பிள்ளை எங்கே போவான்?

பழையபுத்தகக்காரன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை, சார். ஒரு வேடிக்கையான தற்செயல் மட்டும் சொல்கிறேன். லுன்யூ எட்டாம் அதிகாரத்தில் கன்பூசியஸ் சொல்கிறார்: நேர்மை இருந்து, முறை தெரியாவிட்டால் அது நெரிக்கும். அந்த "நெரிக்கும்" என்ற எழுத்தும் டாங் சட்டத்தின் தண்டனை எழுத்தும் ஒன்றே.

வழக்குநாள்

அப்படியானால் நெரித்தது நேர்மை இல்லை, அவருடைய சீடர்கள். குறித்துக்கொள்கிறேன்.

மழைக்காகம்

இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. "நேர்மை" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் சொல் லுன்யூவில் வேறு எங்கெல்லாம் வருகிறது? அதைப் பார்த்தால் தெளியுமோ?

பழையபுத்தகக்காரன்

நல்ல கேள்வி. "ஜீ" என்ற சொல். நேராக, கோணாமல் இருப்பது. எனக்குப் பிடித்தவை இரண்டு.

ஒன்று வினிகர் கதை. வெய்ஷெங் காவ் என்பவன் நேர்மைக்குப் பெயர் எடுத்தவன். ஒருத்தர் வந்து கொஞ்சம் வினிகர் கேட்கிறார். இவன் வீட்டில் இல்லை. இல்லை என்று சொல்லாமல் பக்கத்து வீட்டில் வாங்கிவந்து கொடுக்கிறான். "யார் சொன்னது இவன் நேர்மையானவன் என்று?" என்கிறார் கன்பூசியஸ்.

இன்னொன்று, தீமை செய்தவனுக்கு நன்மை செய்தால் எப்படி என்று ஒருத்தர் கேட்பது. "அப்படியானால் நன்மை செய்தவனுக்கு என்ன கொடுப்பாய்? தீமைக்கு நேர்மையைக் கொடு. நன்மைக்கு நன்மையைக் கொடு." (நம்மவர் "அவர்நாண நன்னயம்" என்று இன்னொரு பக்கம் போனார். அந்த ஒப்பீட்டை இங்கே ஆரம்பித்தால் இழை நானூறு பதிவுக்குப் போகும், வேண்டாம்.)

வழக்குநாள்

ஒரு கரண்டி வினிகருக்கு முகம் சுளிக்கிறவர் முழு ஆட்டுக்குப் பேசாமல் இருக்கிறாரா? எனக்கு இன்னும் குழப்பம்தான் கூடுகிறது.

சுந்தரிடீச்சர்

எனக்கென்னவோ இரண்டும் ஒரே கதையாகத் தெரிகிறது சார். வினிகர்க்காரன் "என் வீட்டில் இல்லை" என்று சொன்னால் போதும். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, கொடுத்தான் என்ற பெயர் வேண்டும். ஆட்டுக்காரர் மகனுக்கு நேர்மையானவன் என்ற பெயர் வேண்டும். பிரபுவுக்கே தெரிந்திருக்கிறது என்றால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

பழையபுத்தகக்காரன்

டீச்சர், இதை நீங்கள் படித்துவிட்டுச் சொல்கிறீர்களா, தானாகவே பிடித்தீர்களா? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சின் நாட்டு அமைச்சர் லூ புவேய் தொகுப்பித்த நூலில் இதே கதை வேறு முடிவோடு இருக்கிறது. மகன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான். அப்பாவைக் கொல்லப் போகும்போது, எனக்கு அந்தத் தண்டனையைக் கொடுங்கள் என்கிறான். இவனைக் கொல்லப் போகும்போது, "அப்பாவின் குற்றத்தைச் சொன்னேன், அது உண்மைக்கு. அவருக்குப் பதில் சாகிறேன், அது பாசத்துக்கு. என்னைப் போன்றவனையே கொன்றால் நாட்டில் கொல்லாமல் விட யார் இருக்கிறார்கள்?" என்கிறான். அரசன் விட்டுவிடுகிறான். அதைக் கேட்ட கன்பூசியஸ், விசித்திரமான உண்மை இது, ஒரே அப்பாவை வைத்து இரண்டு தடவை பெயர் வாங்கிவிட்டான் என்கிறார்.

சுந்தரிடீச்சர்

படிக்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். "டீச்சர், இவன் பேசினான் டீச்சர்" என்று ஓடி வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம்.

கோடைமழை99

சரி, ஒத்துக்கொள்கிறேன், காட்டிக்கொடுத்தவன் பெயருக்கு அலைந்தவன். ஆனால் ஆட்டுக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறானே? அவன் ராத்திரி முழுக்கத் தேடியிருப்பான். அவனைப் பற்றி பிரபுவும் கேட்கவில்லை, கன்பூசியஸும் கேட்கவில்லை, இந்த இழையிலும் இத்தனை பதிவாக யாரும் கேட்கவில்லை.

மழைக்காகம்

உண்மை. எனக்கே இப்போதுதான் தோன்றுகிறது.

தேக்கா

ரொம்ப நாளாக வாசகன் மட்டும்தான், இன்றைக்கு எழுதுகிறேன். சிங்கப்பூரிலிருந்து.

80-களில் இங்கே உயர்நிலை மூன்று, நான்கில் சமயக் கல்வி கட்டாயப் பாடமாக இருந்தது. பைபிள், பௌத்தம், இஸ்லாம், இந்து சமயம், சீக்கியம் என்று பிரிவுகள். சீனப் பிள்ளைகளை மனதில் வைத்துக் கன்பூசியஸ் ஒழுக்கவியல் என்றும் ஒன்று கொண்டுவந்தார்கள். நான் இந்து சமயம் எடுத்தேன். பக்கத்து மேசைச் சீன நண்பன் கன்பூசியஸ். அவன் பாடப்புத்தகத்தைத்தான் நான் பஸ்ஸில் படிப்பேன். அந்தப் பாடத் திட்டமெல்லாம் 90-களில் போய்விட்டது. 1995-ல் வயசான பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளிடம் பணம் கேட்டு வழக்குப் போட இங்கே சட்டமே வந்தது. பாடத்தால் முடியாததைச் சட்டத்தால் முடிக்கப் பார்க்கிறார்கள் என்று என் அப்பா சொன்னது ஞாபகம்.

அந்த நண்பனின் அப்பா சந்தையில் கருவாடு, காய்ந்த இறால், காளான் எல்லாம் விற்றார். கையில் தூக்கிப் பிடிக்கும் கோல் தராசு, இங்கே தாச்சிங் என்போம். அவர் பிடிக்கும்போது சுண்டுவிரல் கோலில் லேசாகப் படும். பார்த்தால் தெரியாது, நானே நாலைந்து தடவை பார்த்த பிறகுதான் கவனித்தேன். நண்பனுக்கு எப்போதோ தெரியும்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சனி ஞாயிறில் கடைக்கு வருவான். அவன் வேலை பொட்டலம் கட்டுவது. அப்பா நிறுத்துத் தாளில் கொட்டியதும், மடிக்கும் முன் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டுவிட்டு மடிப்பான். எல்லாருக்கும். அப்பா பார்க்கிறார் என்று அவனுக்குத் தெரியும், அவன் போடுகிறான் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாள் இறால் விலை ஏறியிருந்த சமயம், அவர் கூடையை மட்டும் அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார். அவன் எழுந்து சுற்றிப் போய் எடுத்துப் போட்டான்.

இதைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல வரவில்லை. ஆட்டுக்காரனைப் பற்றி யாரோ கேட்டதும் ஞாபகம் வந்தது.

சுந்தரிடீச்சர்

அந்தக் கூடை நகர்ந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

வழக்குநாள்

தேக்கா அண்ணா, வக்கீல் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை. கடைசியில் அப்பா திருந்தினாரா?

தேக்கா

இல்லை. நண்பன் பதினெட்டு வயசில் தேசிய சேவைக்குப் போய்விட்டான். அப்புறம் பொட்டலம் கட்ட ஒரு வேலைக்காரப் பையனை வைத்தார். சுண்டுவிரல் அங்கேயேதான் இருந்தது. என் அம்மா மட்டும் அதற்குப் பிறகும் அந்தக் கடையில்தான் இறால் வாங்கினாள். கேட்டால், "அந்தப் பையன் லீவில் வருவான்ல" என்பாள்.